ரெண்டும் வலம்புரி

வா கண்ணு, இப்படி வேப்ப நெழல்ல உக்காரு. கையெல்லாம் கறுப்பு, சட்டையெல்லாம் கிரீஸு, கண்ணு ரெண்டும் செவசெவன்னு கெடக்குது. உங்க அமுச்சி பார்த்தா, பேரனுக்குக் காத்துக் கருப்பு அடிச்சிருச்சுன்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போயிருவா. காத்தும் இல்லை கருப்பும் இல்லை, கார் அடிச்சிருக்குதுன்னு நான் சொல்லி வெச்சிருக்கேன். மோரைக் குடி.

நீ செஞ்சது தப்புன்னு சொல்ல நான் வரலை. ஊருல அவனவன் கடன் போட்டுப் புதுக் கார் வாங்கி, வட்டி கட்டிப் பழசாக்கறான். நீ பழசை வாங்கி, வட்டி கட்டிப் புதுசாக்கறே. ரெண்டு பேருக்கும் பேங்குக்காரன் ஒரே மாதிரித்தான் சிரிக்கிறான்.

1966 மாடல் ஸ்டேண்டர்டு ஹெரால்டு, ரெண்டு கதவு. வெவரமாத்தான் எடுத்திருக்கறே. ஒரு அம்பாசடரை எடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்? 2014 வரைக்கும் அடிச்சுத் தள்ளுன வண்டி அது. தாராபுரம் ரோட்டுல எந்தக் கடையில நின்னு கேட்டாலும் சாமான் கெடைக்கும். அப்படிக் கேட்டதும் கெடைச்சா உனக்குப் பொழுது எப்படிப் போவும்? அதுனால பெருங்களத்தூர்ல கம்பெனியையே 1988-ல இழுத்துப் பூட்டுன வண்டியாப் பார்த்து எடுத்தே. ஹெரால்டை அதுக்கும் பல வருசம் முந்தியே நிறுத்திட்டாங்க. உங்கம்மா பாவாடை கட்டித் திரிஞ்ச காலத்துல செத்துப் போன கம்பெனியைத் தட்டி எழுப்பி, 'ஏனுங்க, ஒரு சாமான் வேணுமுங்க'ன்னு கேக்கறே. கேளு, கேளு.

எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல்தான். நாப்பது வருசம் மாட்டுத் தரகு பார்த்தவன் ஊட்டுல குத்துக்கல்லாட்ட இருக்கறேன். வாங்கறதுக்கு முந்தி என்னை ஒரு வார்த்தை கேட்டியா? செல்லுல போட்டோ பார்த்து வாங்கினே. போட்டோவுல எந்த மாடு கண்ணு நொண்டியிருக்குது?

சந்தைக்கு ஓட்டியாற அன்னைக்கு விடியக்காலம் உப்பைத் திங்கக் குடுத்துத் தண்ணி காட்டினா, ஒட்டுன வகுறு தவிலாட்ட நிக்கும். கொம்பைச் சீவி எண்ணெய் தடவுனா ஒரு வயசு கொறையும். காருக்கு இதே வித்தைக்குப் பேரு பட்டி. ஓட்டையில சாக்கையும் பேப்பரையும் திணிச்சு, மேல பட்டி அப்பி, தேச்சு, பெயிண்ட் அடிச்சா உங்க அமுச்சி மொகம் பார்த்துப் பொட்டு வெச்சுக்கலாம். அதுக்குத்தான் ஒரு காந்தத்தைத் துணியில சுத்தி மடியில வெச்சுட்டுப் போகணும்ங்கறது. கதவுக்கு அடியில வை. ஒட்டுனா தகரம், வழுக்குனா பட்டி. உன் வண்டி வந்து எறங்குன அன்னைக்கே நான் வெச்சுப் பார்த்தேன். எங்கியும் ஒட்டலை. காந்தம்தான் கெட்டுப் போச்சாட்ட இருக்குதுன்னு அடுப்படிக்குப் போயி தோசைக்கல்லுல வெச்சேன், கப்புனு புடிச்சுக்கிச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கலை. நீ ரெண்டு தோசை எச்சாத் தின்னே.

சரி, கழட்டுனது கழட்டியாச்சு. இந்த வண்டி ஏன் இப்படித் துண்டு துண்டாக் கழண்டு வருதுன்னு எப்பவாச்சும் யோசிச்சியா? அது ஒரு பங்காளிச் சண்டை. இங்கிலாந்துல ஸ்டேண்டர்டு கம்பெனிக்குப் பாடி அடிச்சுக் குடுத்துட்டிருந்தது பிஷர் அண்ட் லட்லோன்னு ஒரு கம்பெனி. அதைப் போட்டிக்காரன் பி.எம்.சி. வெலைக்கு வாங்கிப் போட்டான். தண்ணி பாஞ்சுட்டிருந்த வாய்க்காலை மேக்காட்டுக்காரன் வாங்கி அடைச்ச மாதிரி. முழுப் பாடியை ஒரே எடத்துல அடிச்சு வாங்க வழியில்லாமப் போயி, சின்னச் சின்னத் துண்டா அங்கங்க அடிச்சு, தனியா ஒரு சேசியைப் பண்ணி, அது மேல போல்ட்டுப் போட்டு முறுக்கி, 1959-ல ரோட்டுல விட்டாங்க. படம் வரைஞ்சு குடுத்தவரு இத்தாலிக்காரரு, மிச்சலோட்டின்னு பேரு. அதனாலதான் பொறத்தால அந்த வாலு அத்தனை சொகுசா நிக்குது. உள்ள பூரா போல்ட்டு, மேல பூரா ஒய்யாரம். 1961-ல அது மெட்ராசுக்கு வந்து, டிரையம்ப்ங்கிற பேரை உட்டுப்போட்டு ஸ்டேண்டர்டு ஆச்சு.

கழட்டறதுக்கு இதை மாதிரி நல்ல வண்டி இல்லை. ஆனாக் கழட்டுன போல்ட்டையெல்லாம் என்ன பண்ணி வெச்சிருக்கறே? ஒரே வாளியில போட்டு, மேல ஊத்துக்குளி வெண்ணெயாட்ட கிரீஸை அப்பி வெச்சிருக்கறே. கதவு போல்ட்டு, சேசி போல்ட்டு, கியர் பாக்ஸ் போல்ட்டு எல்லாம் ஒட்டுக்காக் கெடக்குது. உங்க பெரியம்மா ஊட்டுக் கல்யாணத்துல ஒறம்பரையெல்லாம் ஒரே வேன்ல ஏத்தி அனுப்புனமே, அப்ப யாரு யாரு ஊட்டுல எறங்குனாங்கன்னு உனக்கே தெரியும். தனித்தனிக் கவர்ல போட்டு ஒரு சீட்டு எழுதி வெச்சா கை தேஞ்சா போயிரும்?

அப்புறம் அந்தப் 13 நம்பர் ஸ்பேனரைத் தூர வீசு. இது இஞ்சு வண்டி. அரை இஞ்சு நட்டுன்னா 12.7 மில்லிமீட்டர். 13 உள்ள போவும், உக்காரும், நீயும் சரியா இருக்குதுன்னு முறுக்குவே. கழுக்குன்னு ஒரு சத்தம் வரும். அத்தோட நட்டுக்கு ஆறு மூலையும் போயி நெலாவாட்ட உருண்டையா நிக்கும். சரியாப் பொருந்தாததை விட, சரியாப் பொருந்தற மாதிரி இருக்கறதுதான் குடி கெடுக்கும். உங்க சித்தப்பனுக்குச் சாதகம் பார்த்தப்பவும் இதைத்தான் சொன்னேன், ஒருத்தரும் கேக்கலை.

இனிச் சாமான் தேடற கதைக்கு வா. போன மாசம் ராத்திரி ரயில் ஏறி மெட்ராசு புதுப்பேட்டைக்குப் போனே பாரு, அந்தக் கதையை நீ சொல்லும் போது எனக்கு அடிவகுறு கலங்கிச்சு. கடைக்குள்ள நொழையறே. மூலையில இரும்புக் குமிக்குள்ள தேடுன சாமான் தெரியுது. உடனே, 'ஐயோ அண்ணா, இதைத்தானுங்ணா ஆறு மாசமாத் தேடறேன்'னு கத்தறே. கடைக்காரன் அந்த நிமிசம் வரைக்கும் அதைப் பேப்பர் பறக்காம வெச்சிருந்திருப்பான். அவனுக்கு அது என்ன வண்டிச் சாமானுன்னே தெரியாது. நீதான் சொல்லிக் குடுத்தே. பித்தளைக்கு அவன் வெலை போட்டிருந்தா நூறோ எரநூறோ. உன் மூஞ்சிக்கு வெலை போட்டான்.

பொள்ளாச்சிச் சந்தையில வேணுங்கற மாட்டை எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். பக்கத்துல நிக்கற மாட்டுக்குப் பல்லைப் புடிச்சுப் பார்ப்பான், வாலைத் தூக்குவான், சுழி எண்ணுவான், நொட்டை சொல்லுவான். போறப்ப, சும்மா போறாப்புல, 'அந்தக் கெழட்டு மாடு என்னப்பா சொல்றே?'ன்னு கேப்பான். கேட்டது அதுக்குத்தான்னு ரெண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் கேக்கற மொறைன்னு ஒண்ணு இருக்குது. அப்புறம் துண்டை எடுத்துக் கை மேல போடறது. அடியில வெரலைப் புடிச்சுப் பேசிக்குவோம். ஒரு வெரலு நூறா ஆயிரமாங்கறது அவுங்கவுங்க பேச்சு. சுத்தி நிக்கறவனுக்கு வெலை தெரியாது. மூஞ்சி மட்டும் அக்கட்டால எங்கியோ தென்னை மரத்துல காய் எண்ணிட்டிருக்கும். பொழைக்கிறது பூரா அந்த மூஞ்சியிலதான். அங்க பெத்த மகனே மாடு வாங்க வந்தாலும் 'வாங்க, போங்க'தான். வேவாரத்துல ஒறவு நொழைஞ்சா வெலை கெட்டுப் போகும்.

ஆக, புதுப்பேட்டையோ உக்கடம் பழைய இரும்புக்கடையோ, போனா மொதல்ல ஒரு அம்பாசடர் கண்ணாடியைக் கையில எடுத்துக் கொறை சொல்லு. டீ குடி. வெயிலைப் பத்திப் பேசு. உன் சாமானைக் காலால இடறிட்டு, 'இது என்ன எழவு?'ன்னு கேளு. 'எனக்கும் தெரியலை தம்பி'ன்னு அவன் சொல்லணும். அந்தப் பதிலு வந்தாப் பாதி வெலை கொறைஞ்ச மாதிரி.

பேரு மாத்திக் கேக்கவும் தெரியணும். ஸ்டேண்டர்டு ஹெரால்டுன்னு கேட்டா ஒலகத்துல ஒருத்தனுக்கும் தெரியாது. டிரையம்ப் ஹெரால்டுன்னு கேட்டா இங்கிலாந்துல கடை தொறப்பான். அங்க அஞ்சு லட்சத்துக்கும் மேல பண்ணுன வண்டி, இன்னைக்கும் பொண்டு புள்ளையாட்டப் பாத்துக்கறாங்க. ஸ்பிட்பயர்னு கேட்டா இன்னும் எச்சாக் கெடைக்கும். அந்தத் தொப்பி இல்லாத சொகுசுக் காரு இருக்குதே, அது ஹெரால்டோட எலும்பை எடுத்துக் கட்டுனதுதான். முன் சக்கரத்துச் சாமானு பலதும் ரெண்டுக்கும் ஒண்ணு. பெருமாளேன்னு கூப்பிட்டாத் தொறக்காத கதவு கோவிந்தான்னாத் தொறக்கும். ஆனாப் பார்சலு வந்து எறங்கறப்ப கப்பல்காரனுக்கு ஒரு பங்கு, சுங்கத்துக்கு ஒரு பங்கு. சாமானு வெலை அதுல பிரசாதம் மாதிரி ஒரு ஓரத்துல ஒட்டிட்டிருக்கும். நல்ல வேளை, நீ எடுத்தது ரெண்டு கதவு. நாலு கதவு ஹெரால்டு நம்ம ஊருல மட்டும் பண்ணுனது. அதுக்குப் பின் கதவு வேணும்னா லண்டன் ராஜாவே நெனைச்சாலும் கெடைக்காது.

இன்னொருத்தன் வருவான். 'தம்பி, ஹெரால்டு பின் ஆக்சிலு முழுசா இருக்குது'ம்பான். குனிஞ்சு பாரு. ஹெரால்டுக்குப் பின் சக்கரம் ரெண்டும் தனித்தனியா ஏறி எறங்கும், குறுக்க ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங்கு. வளைவுல வெசையாப் போனா சக்கரம் உள்ளாற மடங்கற மாதிரி ஒரு ஆட்டம் போடும். நம்ம ஊரு மெக்கானிக்குகளுக்கு அது ஆகவே ஆகலை. 1972-ல கெசல்னு அடுத்த வண்டி வந்தப்ப அதைத் தூக்கிப் போட்டுட்டு ஒரே தண்டா வெச்சுட்டாங்க. அவன் தலையில கட்டப் பார்க்கறது கெசலுது. வாங்கிப் போட்டேன்னு வை, ஆட்டுக்குட்டிக்கு மாட்டு வாலு.

கெடைக்காததைச் செஞ்சுக்கலாம்னு கோயமுத்தூர்ல கணபதிப் பக்கம் லேத்துப் பட்டறைக்குப் போறேன்னியே, போ. அவுங்க கையில வராதது கொழந்தை மட்டுந்தான். பாட்டர்ன் போட்டு, வார்த்து, கடைஞ்சு, வெள்ளிக் கொலுசாட்டக் குடுப்பாங்க. ஆனா மாதிரிக்கு எதைக் குடுக்கறேங்கறதுல கவனம். தேஞ்சு போன புஷ்ஷைக் குடுத்து 'இதே மாதிரி'ன்னு சொன்னா, தேஞ்ச அளவையும் நூலு பெசகாம அப்படியே கடைஞ்சு குடுப்பாங்க. அத்தனை நாணயம். புத்தம் புது ஆட்டத்தோட வண்டி ஓடும்.

நானும் ஓட்டுனவன்தான் கண்ணு, அதனாலதான் வாய் நீளுது. 1979-ல ஒரு பண்ணாடி ஊட்டு ஹெரால்டை மூணாங் கையா வாங்கினேன். பானெட்டு ரெண்டு பக்கமும் கொக்கி. அதைத் தட்டி உட்டா மூஞ்சி முழுக்க முன்னால கவுந்துக்கும், என்ஜினு பக்கத்துல டயர் மேலயே உக்காந்து வேலை பார்க்கலாம். 25 அடிக்குள்ள திரும்பும். எங்க தோட்டத்து இட்டேரி எத்தனை அகலம்? ரெட்டை மாட்டு வண்டியே ரெண்டு தடவை பின்னால தள்ளித் திருப்பணும். ஹெரால்டு ஒரே சுத்துல, கோழி முட்டையிட எடம் பார்க்கற மாதிரி சுத்தீட்டு நிக்கும். உங்க அமுச்சி அதுக்குத் திருஷ்டி சுத்திப் போட்டவ. எனக்குக் கூடப் போட்டதில்லை.

ஒரு சித்திரை மாசம். கண்ணபுரம் மாரியம்மன் நோம்பிச் சந்தை. ஒரு சோடி காங்கேயங் காளையை நல்ல வெலைக்குத் தள்ளிப்போட்டு, மடி நெறையப் பணத்தோட, சந்தோசமாத் திரும்பி வர்றேன். ஒரு திருப்பத்துல ஸ்டீரிங்கை ஒடிக்கிறேன், வலது பக்கத்து முன் சக்கரம் 'எனக்கு வேண்டாஞ்சாமி'ன்னு மண்டி போட்டு உக்காந்துக்கிச்சு. நடக்கற ஆடு முட்டி மடக்கிப் படுக்குமே, அப்படி. வண்டி மெதுவாத்தான் போச்சு, நான் பொழைச்சேன். இல்லாட்டி இன்னைக்கு உனக்கு மோரு குடுக்க ஆளு ஏது?

எறங்கிப் பார்த்தா, டிரன்னியன். சக்கரத்தைத் தாங்கற இரும்புத் தண்டோட அடி முனையில மரை இருக்கும். அது மஞ்சளா ஒரு கொப்பிக்குள்ள திருகி உக்காந்திருக்கும். நீ ஸ்டீரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் உள்ள திரும்புது. அதுக்கு 90 நம்பர் கியர் ஆயிலுதான் ஊத்தணும். என் வண்டியைப் பார்த்துட்டிருந்த மெக்கானிக்கு, தங்கமான மனுசன், நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸைத் திணிச்சுட்டே இருந்திருக்கான். கிரீஸு கெட்டியா வாசல்லயே உக்காந்துக்குது. மரைக்குள்ள எறங்கலை. உள்ள தண்ணி போயி, துரு ஏறி, தண்டு இத்துப் போயி, ஒரு நாளு முறிஞ்சுது. ஆயிலு ஊத்துனா ஒழுகத்தான் செய்யும். ஒழுகட்டும். ஒழுகாத டிரன்னியனு செத்த டிரன்னியனு.

மாத்துச் சாமான் தேடி ரெண்டு மாசம் அலைஞ்சேன். கடைசியில குடுத்தவன், 'சோடியாத்தான் தருவேன், ஒத்தைக்கு நான் எங்க போறது'ன்னுட்டான். தரகனுக்கே தரகு. வாங்கிட்டு வந்தேன். சரி, அது போச்சு. வண்டியையும் அப்புறம் ஒரு நாளு குடுத்துட்டேன்.

ரோட்டுல எறக்கறதுக்கு முந்தி இன்னும் ரெண்டு. இப்ப பங்குல ஊத்தற பெட்ரோலுல நூத்துக்கு இருபது பங்கு எத்தனாலு. உன் வண்டி பொறந்தப்ப கரும்பு தின்னு பழகலை. பழைய ரப்பர் ட்யூபும் பம்ப்புக்குள்ள இருக்கற டயாபிரமும் ஊறி நஞ்சு போயிரும். எத்தனாலு தாங்கற ட்யூபாக் கேட்டு மாத்து. என்ஜினுச் சூட்டுல பெட்ரோலு சொட்டுனா அப்புறம் தீவாளிக்குத் தனியா வெடி வாங்க வேண்டாம்.

அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீசு. 2021-ல சட்டம் போட்டாங்களே, அம்பது வருசம் தாண்டுன வண்டியை விண்டேஜுன்னு எழுதிக்கலாம். புதுசாப் பதிய 20,000 ரூவா, 10 வருசத்துக்குத் தாங்கும், மறுபடி பதிய 5,000. நம்பர் பலகையில வி.ஏ.ன்னு எழுத்து வரும். ஆனா சேசி, பாடி, என்ஜினு இதுல பெருசா எதையும் மாத்தியிருக்கக் கூடாது. எவனாச்சும் 'சின்னதா மாருதி என்ஜினை ஏத்திடலாம் தம்பி'ன்னா காதுல பஞ்சை வெச்சுக்க. இன்னொண்ணு, அந்தப் பலகை மாட்டுனா தெனப்படிக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கு, ரேலிக்கு, பெட்ரோலு போட, ரிப்பேருக்கு, இப்படித்தான் போகலாமாம். அத்தனை பாடு பட்டு ஓட வெச்சுட்டு, ஓட்டாம வெச்சுக்கறதுக்குக் காசு கட்டறதை நம்ம சம்பந்தி ஊட்டுக்காரங்க கேட்டா ஊரு பூராச் சொல்லிச் சிரிப்பாங்க. யோசிச்சுச் செய்யி. பழைய ஆர்.சி. புக்கைப் புதுப்பிச்சு ஓட்ட முடியுமான்னு மொதல்ல கேளு.

எங்க, புதுப்பேட்டையில புடிச்ச அந்தப் பொக்கிசத்தைக் காட்டு. பேப்பரைப் பிரி. அட, டிரன்னியனேதான். ரெண்டு. கனம் நல்லா இருக்குது. இரு, மரையில நகத்தை உட்டுப் பார்க்கறேன்... பல்லு கூர்மையா இருக்குது, தேயலை. கடைப்பல்லு சேர்ந்த மாடு மாதிரி இல்லை, ரெண்டு பல்லுக் கன்னுதான். பரவால்லை, மூஞ்சியை வித்தாலும் நல்ல சாமானாத்தான் வாங்கியிருக்கறே.

ஏங்கண்ணு, ரெண்டும் ஒரே பக்கமாத் திரும்புது?

இந்தா, நீயே பாரு. இதுவும் இப்படி, அதுவும் இப்படி. வலது சக்கரத்துக்கு ஒரு மரை, இடது சக்கரத்துக்கு நேரெதிர் மரை. சங்கு மாதிரி, ஒண்ணு வலம்புரி, ஒண்ணு இடம்புரி. உனக்கு ரெண்டும் வலம்புரி கெடைச்சிருக்குது. சங்கா இருந்திருந்தா நாம பங்களா கட்டியிருக்கலாம். காருச் சாமானாப் போச்சு. சோடின்னு சொல்லித்தானே குடுத்தான்? சோடிதான், ரெண்டும் ஆம்பளை.

அழுவாதே. அந்த ஏணியை எடுத்து அட்டாலியில சாத்து. மாட்டு மணி போட்ட சாக்குக்குப் பொறத்தால ஒரு தகர டப்பா இருக்கும், மெதுவா எறக்கு. தொற. அதேதான். அன்னைக்கு எனக்கு மண்டி போட்டது வலது சக்கரம். சோடியில ஒண்ணு மாட்டுனேன். இது மிச்சம். இடம்புரி. ஆயிலுத் துணியில சுத்தி வெச்சிருக்கேன், ஒரு பொட்டுத் துரு இல்லை பாரு. வண்டியைக் குடுத்தவன் இதை ஏன் வெச்சிருந்தேன்னு கேக்காதே, எனக்கே தெரியாது.

ஓஹோ. பல்லு பூராத் தெரியுது. இத்தனை நேரம் தொண்டைத் தண்ணி வத்தச் சொன்னனே, என்ன சொன்னேன்? மூஞ்சியைப் பாரு, தேரு வடம் புடிச்ச மாதிரி.

இனி வேவாரம். மரியாதையாப் பேசிக்குவோம். உக்காருங்க. முழங்கால் நோவுதுன்னு உங்கம்மா என்னை பஸ்ஸுல ஏற உடறதில்லீங்க, சந்தை முகம் பார்த்து ரெண்டு வருசம் ஆச்சுங்க. அதனால எனக்குப் பணம் வேண்டாம். ஒரு வெரலுக்கு ஒரு வியாழக்கிழமை. வண்டி எறங்குனதும் பொள்ளாச்சிச் சந்தைக்கு, முன் சீட்டுல. வி.ஏ. பலகை மாட்டுனா வழியில எவனாச்சும் நிறுத்திக் கேப்பானுங்க, மாட்டுக் கண்காட்சிக்குப் போறோம்னு நான் சொல்லிக்கறேன்.

துண்டைப் போட்டாச்சு. கையை உள்ள உடுங்க. நான் பத்து வெரலையும் புடிச்சிருக்கேன், நீங்க எத்தனைன்னு சொல்லுங்க. ம்ஹூம், வாயால இல்லைங்க. மூஞ்சியை அக்கட்டால திருப்புங்க.